அருவியடியில் ஒரு படம்

காலையில் கோயில், மத்தியானம் சந்தை என்று சுற்றிவிட்டு, எல்ல என்ற மலையூரில் அருவியடியில் நிற்கிறோம். சீருடை போட்ட சிப்பாய் ஒருவன் எங்களை நோக்கி வருகிறான். போர்க்காலத்தில் ஒஸ்லோவுக்குத் தப்பிப் போன அப்பா, இப்போதுதான் முதன்முறை இலங்கைக்குத் திரும்பியிருக்கிறார். அவன் கேட்பதற்கு முன்பே பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டுகிறார்.

"அருவி பாக்கிறதுக்கு விசா கேக்கமாட்டினம் அப்பா," என்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

சிப்பாய் பாஸ்போர்ட்டைத் தொடாமல் தன் போனை நீட்டுகிறான். அவனைப் பார்க்க வந்த மனைவி பின்னால் வெட்கத்தோடு நிற்கிறாள்.

"ஐயா, நம்ம ரெண்டு பேர், ஒரு படம் எடுத்து தாறதா?" உடைந்த தமிழில் கேட்கிறான்.

அப்பா பாஸ்போர்ட்டை ஒரு கையில் பிடித்தபடியே போனை வாங்கி எடுக்கிறார். படம் மங்கலாக விழுகிறது.

"தாங்கோ, நான் எடுக்கிறன்," என்கிறேன்.

"நீ பேசாமல் நில்லடா." அப்பா போனை இரண்டு கையாலும் பிடிக்கிறார். "தம்பி, உங்கடை மனிசியோடை கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ. இன்னொண்டு எடுப்பம்."