டிரைவரக்காவின் ழகரம்

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் ஒற்றியெடுத்த பிறகுதான் டிரைவரக்கா கணினியின் பக்கம் வருவார். விரல்களைச் சொடக்கெடுப்பார். நாற்காலியை முன்னே இழுத்து, பின்னே தள்ளி, முதுகைச் சாய்த்துப் பார்ப்பார். திரையைத் தன் பக்கம் துளி திருப்புவார். ஆம்புலன்ஸில் ஏறியதும் செய்கிற அதே வரிசைதான்: இருக்கை, கண்ணாடி, அப்புறம் சாவி.

"வண்டின்னா வண்டிதான் தம்பி. ஏறி உக்காந்ததுமே இது நம்ம பேச்சைக் கேக்குமா கேக்காதான்னு முதுகுக்குத் தெரிஞ்சிடும்."

எங்கள் மாடியில் பக்கத்து வீடு அவருடையது. ஆளைப் பார்த்தால் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர் என்று சொல்ல முடியாது. அவ்வளவு மெதுவாக நடப்பார். "வேகமெல்லாம் வேலையிலயே செலவாயிடுது" என்பார். ஆனால் கணினியை இயக்கும் லினக்ஸின் புதுப் பதிப்பு வெளிவந்துவிட்டது என்று தெரிந்தால் போதும், இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஏறுவார். அன்று மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் செய்தி சொல்லப்படும். கீழ்வீட்டுத் தையற்காரர் ஒருமுறை யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்து வாழ்த்துச் சொல்லிவிட்டார். அக்கா மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

அவர் இதையெல்லாம் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. அழைப்பு வராத நேரங்களில் நிறுத்திய வண்டிக்குள் உட்கார்ந்து, கைப்பேசியில் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டது. உலகமெங்கும் முகம் தெரியாத ஆட்கள் கூடிச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கிற ஒரு பொருள் இருக்கிறது என்பதே அவருக்கு இன்னும் ஆறாத ஆச்சரியம். "ஊரே சேர்ந்து ஒரு எஞ்சினைச் செஞ்சு நடுத்தெருவுல நிறுத்தி, சாவியை அதுலயே விட்டுட்டுப் போயிருக்கான். ஓட்டாம வர மனசு வருமா?"

வீட்டில் இருப்பது ஒரே கணினி. அது உண்மையில் அவர் கணவருடைய வேலைமேசை. எங்கள் கட்டடம் அவரை 'ரேடியோ சார்' என்று அழைக்கும். வானொலிக்காகப் பதிவான பேட்டிகளில் இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டி, பேச்சைச் சீராக்கித் தருவது அவர் தொழில். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. நான் வாசலில் நின்றால் மூச்சை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். "என்ன தம்பி, சளி இறங்கிடுச்சு போலிருக்கே?"

திரையில் உள்ளதை அவருக்கு ஒரு தமிழ்க் குரல் படித்துச் சொல்லும். அந்தக் குரலுக்கு அவர் வைத்த பெயர் 'பொக்கைவாயன்'. காரணம், அதற்கு ழகரம் வராது. மழையை 'மலை' என்னும். வானிலை அறிக்கையில் 'கனமலை பெய்யும்' என்று அது படிக்கும்போதெல்லாம் இவர் தலைக்கு மேல் கையைக் குடையாகப் பிடிப்பார். சாப்பாட்டு மேசையில் அதே தட்டைக் குரலில், "வாலைப்பலம் ஒண்ணு குடு" என்று கேட்பார். அக்கா சிரிப்பார். ஆனால் நாள் முழுக்க அந்தக் குரலோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு அது வெறும் சிரிப்பு இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஓரெழுத்து மாறுகிற இடத்திலெல்லாம் வேலையை நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்.

அதனால் அக்கா ஒரு காரியம் செய்தார். குரலை உருவாக்குகிறவர்களுக்குத் தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், எங்கள் மொழியில் இப்படி ஓர் எழுத்து இருக்கிறது, உங்கள் ஆளுக்கு அது வரவில்லை என்று எழுதிப்போட்டார். பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒரு பெண் பதில் எழுதினாள்: எப்படி ஒலிக்க வேண்டும் என்று பேசி அனுப்ப முடியுமா? நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அக்கா கைப்பேசியை வாயருகே பிடித்து, "மழை. நிழல். கிழமை. எழுத்து" என்று சொல்லிக்கொண்டே போனார். கூட வேலை செய்யும் நர்ஸ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம்.

இப்போது வந்திருக்கும் புதுப் பதிப்பில் அந்தத் திருத்தம் சேர்ந்திருக்கிறது. கணவரிடம் மூச்சு விடவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார். சொல்லும்போது குரல் கீச்சென்று மேலே போனது.

ஆனால் ரேடியோ சாரைச் சம்மதிக்க வைப்பது லேசான காரியமாக இல்லை. போன தடவை பதிப்பு மாற்றியபோது குரல் அடியோடு போய்விட்டது. சரிசெய்யும் வரை அவர் சன்னலோரம் உட்கார்ந்து நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே இருந்தார். "உனக்கு அது விளையாட்டு. எனக்கு அதுதான் கண்ணு. இனிமே அதுல கை வைக்காத" என்று சொல்லியிருந்தார். இப்போதோ பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோயிற்று. பூட்டில்லாத வீட்டில் எத்தனை நாள் குடியிருப்பது என்று அக்கா கேட்டார். கடைசியில் சார், "சரி, பண்ணு. நாளைக்கு ஒரு பேட்டி முடிச்சுக் குடுக்கணும். அதுக்கு மட்டும் பங்கம் வரக்கூடாது" என்றார்.

அக்காவின் விடுமுறை நாள் மதியம். எல்லாவற்றையும் தனி வட்டில் நகலெடுத்து, அதைக் கழற்றி, அடுக்களை அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தார். "எதுக்கு அங்க?" என்றேன். "நெருப்பு, தண்ணி, நான், மூணு பேருக்கும் எட்டாத இடம் அதுதான்." நடுவில் கரண்ட் போய்விடாமலிருக்க அயர்ன் பாக்ஸ் போடக்கூடாது, மிக்ஸி ஓடக்கூடாது என்று உத்தரவாயிற்று. கட்டளையைத் தட்டினார். திரையில் வரிகள் விறுவிறுவென்று மேலேறின.

குரல் நிறுத்தப்பட்டிருந்ததால் அக்காவே வர்ணனை செய்தார். "கிளம்பியாச்சுங்க. நல்ல ரோடு. வழவழன்னு போகுது... இப்ப பழசையெல்லாம் கழட்டுது... இருங்க, நிக்குது. பழைய அமைப்பு வேணுமா, புதுசு வேணுமான்னு கேக்குது."

"என்ன சொல்லப் போற?"

"உங்க ஒலி அமைப்புங்க. பழசே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

"புத்திசாலி."

"போ கண்ணு, போ, போ" என்று திரையைத் தடவிக்கொடுத்தார். நானும் என்னையறியாமல் நாற்காலி நுனிக்கு வந்திருந்தேன். கணினி அணைந்தது. திரை கறுத்தது. அங்கே இல்லாத பிரேக்கை அக்கா காலால் அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு புதுப் படமும் புது எழுத்துமாகத் திரை பளிச்சென்று மலர்ந்தது. "வந்துட்டான்!" என்று அவர் கைதட்டியதில் சுவரே அதிர்ந்தது.

ரேடியோ சார் எழுந்து வந்து உட்கார்ந்து, குரலைக் கூப்பிடும் விசைகளை அழுத்தினார்.

ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினார். இல்லை. அக்காவின் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே வடிந்துபோயிற்று. சாரின் விரல்கள் நாற்காலிக் கைப்பிடிக்குப் போயின. "சொன்னேன்ல" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"பழசுக்கே போயிடலாங்க. நகல் இருக்கு. இப்பவே..." அக்கா எழுந்துவிட்டார்.

"இரு." அவர் ஸ்பீக்கரிடம் காதைக் கொண்டுபோனார். "எல்லாரும் பேசாம இருங்க." நான் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன். "லேசா உஸ்ஸுங்குது. ஸ்பீக்கர் உயிரோடதான் இருக்கு. அவன் பேசிக்கிட்டுதான் இருக்கான்மா. வேற எங்கயோ போய்ப் பேசுறான்."

அக்கா தொப்பென்று உட்கார்ந்து ஒலி அமைப்பைத் திறந்தார். கொடுத்த பதிலெல்லாம் சரிதான். ஆனாலும் புதுப் பதிப்பு சத்தத்தைத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தத் திரைக்கு ஸ்பீக்கரே கிடையாது. "அடப்பாவி, வாயில்லாத ஜீவன்கிட்ட மைக்கைக் குடுத்திருக்கான்!" ஒரு தட்டு தட்டினார்.

குரல் பாதி வாக்கியத்தில் முழுச் சத்தத்தோடு அறைக்குள் குதித்தது. மூவரும் துள்ளிவிட்டோம். சார் அடக்கமாட்டாமல் சிரித்தார். சிரித்துக்கொண்டே, வழக்கம்போலப் பொக்கைவாயனைச் சீண்டுவதற்காக ஒரு சொல்லைத் தட்டினார்.

"வாழைப்பழம்" என்றது குரல்.

அவர் சிரிப்பு நின்றது. மறுபடி தட்டினார். "வாழைப்பழம்." தலையைச் சாய்த்துக் கேட்டார். "மழை" என்று தட்டினார். மழை என்றது. "நிழல்." நிழல்.

"ஏய்... இவன் பல்லு கட்டிக்கிட்டான்டி!"

அக்காவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பனி நாட்டுப் பெண், ஏற்றிய கண்ணாடி, நெற்றியைத் தொட்ட நர்ஸ் என்று எல்லாம் தலைகீழ் வரிசையில் கொட்டின. கடைசியில் சார், "வண்டிக்குள்ள உக்காந்தா சொன்னே?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க."

"அப்ப, உலகத்துல எந்த மூலையில எவன் கேட்டாலும், அது நீ சொல்லிக்குடுத்த ழ."

"ஐயோ, நான் சும்மா பேசி அனுப்பினேன், அவ்வளவுதான்" என்று அக்கா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று நம்பச் சொல்லும் துடைப்பு.

பிறகு ஒரே கொண்டாட்டம். நானும் அக்காவும் சொற்களைக் கூவ, அவர் தட்ட, குரல் ஒப்பித்தது. உழைப்பு, கழுதை, எழுச்சி. ஒன்றையும் விடவில்லை. அக்கா உற்சாகம் தாங்காமல், "தாழ்ப்பாள்!" என்றார்.

"தாழ்ப்பாழ்" என்றது குரல்.

மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். புதுப் பல் வந்த குஷியில் கண்ட இடத்திலெல்லாம் கடிக்கிறான் என்றார் சார். அக்காவின் கண்கள் மாடிப்படி ஏறும்போது மின்னுவதுபோல மின்னின. "புதுத் தப்புங்க இது! இன்னைக்கே எழுதணும். அந்தப் பொண்ணு பேசி அனுப்பச் சொல்லுவா." கைப்பேசியைத் தேடி எழுந்தார்.

"போன் வேண்டாம். அதுல காத்துதான் அதிகம் கேக்கும்."

ரேடியோ சார் மேசைக்கு அடியில் குனிந்து, தன் தொழிலுக்கென்று வைத்திருக்கும் மைக்கை உறையிலிருந்து எடுத்தார். அதன் வலைமுகத்தைச் சட்டை நுனியால் துடைத்தார். இடது கையால் மனைவியின் மோவாயைத் தொட்டு உயரம் பார்த்து, வலது கையால் மைக்கின் கழுத்தை அந்த உயரத்துக்கு வளைத்தார்.