ஈயம் பிடிக்கும்வரை காத்திருந்தவள்

சூளையிலிருந்து பொம்மைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது ஜெயராணியின் மகள் போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." கையிலிருந்த பொம்மையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதனோடேயே வெளியே வந்து நின்றேன். முந்தின நாள்கூட, புதிதாக வந்த மண்ணில் மணல் அதிகம் என்று என்னோடு சண்டை போட்டிருந்தாள்.

தொழிற்பேட்டையில் அவளை அறிந்த உங்களுக்கு அவள் சத்தக்காரி, கடைக்காரர்களை வதைப்பவள். இரண்டும் உண்மைதான். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டுமே சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுக்கும் இருந்ததில்லை.

பொம்மைப் பட்டறையை இருவரும் சேர்ந்து தொடங்கினோம். வேதியியல் படித்த நான் மண்ணையும் பளபளப்புப் பூச்சையும் பார்த்துக்கொண்டேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த அவள் மின்சூளையைப் பார்த்துக்கொண்டாள். ஓர் ஆண்டு கொலுவுக்காகச் சூளையில் ஏற்றிய முதல் சுமை பொம்மைகள் முழுக்க விரிசல் விட்டன. இரண்டாவதும் கெட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக வியாபாரி சொல்லிவிட்டார். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு வியாபாரிதான்.

அந்த இரண்டாவது சுமை உச்சச் சூட்டை நெருங்கிய நண்பகலில், சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி அணைந்தது. ஜெயராணி அதைத் திறந்தாள். உள்ளே ஒரு பாகத்தின் கம்பிக்கால், அதைப் பிடித்திருந்த ஈயம் விட்டுப்போய்த் தூக்கிக்கொண்டிருந்தது. "ரெண்டு நிமிஷ வேலை," என்று ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை எடுத்தாள். அதன் முனையான பிட் அரித்துப் போயிருந்தது. ஆன்லைனில் அவளே வாங்கிய பொட்டலத்தைப் பிரித்துப் புதிய பிட்டைப் போட்டாள். சூடேறியதும் அது கறுத்தது. ஈயம் ஒட்டாமல் உருண்டு விழுந்தது. அடுத்தது அயர்னுக்குள் ஆடியது. மூன்றாவதன் பூச்சு தோலாக உரிந்தது.

"படத்தப் பாத்து வாங்கினேன். கல்யாணமும் அப்படித்தான் பண்ணேன்," என்றாள்.

பெட்டியை விலக்கிச் சூளையைக் கைச்சுவிட்சுக்கு மாற்றினாள். "மீட்டர் ஏறினா அணை, எறங்கினா போடு. கடைக்குப் போயி வேற பிட் வாங்கிட்டு இதோ வரேன்." அயர்னையும் எடுத்துக்கொண்டு வண்டியில் கிளம்பினாள். சூடு கூடினால் பூச்சு வழிந்து பொம்மைகள் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் மங்கிப்போகும். மீட்டரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் போட்டும் அணைத்தும் கொண்டிருந்தேன். கை வியர்வையில் சுவிட்சு வழுக்கியது. அவள் வரவில்லை. போன் செய்தேன்.

"எங்க இருக்க ஜெயா?"

"கடையிலதான். பிட்ட மாட்டி சூடு பண்ணிட்டிருக்கேன்."

"அங்கயா? இங்க சூளை எகிறிட்டு இருக்குது! கெடைச்சத எடுத்துட்டு வா!"

"மொதல்ல குடுத்ததுல ஈயம் புடிக்கல. அதோட வந்திருந்தா ரெண்டு பேரும் பொம்மையக் கட்டிகிட்டு அழ வேண்டியதுதான்."

பின்னால் கடைக்காரர் குரல் கேட்டது. "ஏம்மா, பிட்டு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"பொண்ணுன்னா பஜ்ஜிய தின்னுட்டு எழுந்து போயிருப்பேன்ண்ணே. இதோட நான்தான குப்பை கொட்டணும்!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போனைத் துண்டித்தேன். அதற்குள் மீட்டர் ஏறியிருந்தது.

அவள் வந்தபோது என்னைப் பார்க்கவில்லை. அயர்ன் சூடேறியதும் பிட்டின் நுனியில் ஈயம் வெள்ளியாகப் படர்ந்தது. கம்பிக்காலை ஒரே தொடலில் பிடித்துக்கொண்டது. பெட்டியில் எண்கள் எரிந்தன. "இப்பக் கத்து," என்றாள். நான் சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன்.

சூளை ஆறியதும் இருவரும் சேர்ந்து திறந்தோம். மேல்தட்டுகளில் பொம்மைகள் பளபளவென்று நின்றன. கீழ்த்தட்டில் பூச்சு வழிந்து எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன. இருந்ததை அனுப்பினோம். முணுமுணுத்தபடி வியாபாரி எடுத்துக்கொண்டார், பட்டறை தப்பியது.

"முன்னாடியே வந்திருந்தா கீழ்த்தட்டும் பொழைச்சிருக்கும்," என்றேன்.

"வந்து, ஈயம் புடிக்காம போயிருந்தா?"

அன்றிலிருந்து எந்தச் சண்டை தொடங்கினாலும் இந்த இரண்டு வாக்கியங்களில்தான் வந்து நிற்கும். யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்று பற்றவைத்த அந்தக் கம்பிக்கால் மட்டும் இதுவரை விடவில்லை.

போன வாரம் பிட் தேய்ந்துவிட்டதென்று அதே கடைக்குப் போனேன். நான் கேட்காமலேயே கடைக்காரர் பிட்டை மாட்டி அயர்னைப் பிளக்கில் செருகினார்.

"சூடாவட்டும், இருங்க. அந்தம்மா இருந்தா இந்நேரம் என்னைய ஒரு வழி பண்ணியிருப்பாங்க," என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தக் காத்திருப்பு ஒன்றுதான். அன்றைக்கு அது சரி என்று இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஈயம் நன்றாகவே பிடித்தது. அவர் பொட்டலம் கட்டக் காகிதத்தை எடுத்தார்.

"இன்னொண்ணும் சூடு பண்ணிக் காட்டுங்கண்ணே," என்றேன்.