காக்கிச் சட்டையும் கரும்பு மெஷினும்

செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரியைப் போடுவதற்காகச் செங்கோட்டைச் சாலையில் இருக்கும் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் பேட்டரியை உள்ளே தூக்கிக்கொண்டு போன நேரத்தில், கம்பிக் குவியலுக்குப் பின்னால் வெள்ளையாக ஒன்று நிற்பது கண்ணில் பட்டது. நான்கு கால். அதன்மேல் எனாமல் பூசிய வட்டத் தொட்டி. தொட்டிக்கு மேலே ஒரு இரும்புச் சட்டம், அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் உருளைகள்.

கம்பிகளைத் தாண்டி அதன் பக்கத்தில் போய்விட்டேன். அதுவரை வீடியோவில் மட்டுமே பார்த்திருந்த பழைய காலத்து வாஷிங் மெஷின். தொட்டியில் துவைத்த துணியை உருளைகளுக்கு நடுவே கொடுத்தால், தண்ணீர் இந்தப் பக்கம் கொட்டும், துணி தட்டையாக அந்தப் பக்கம் வெளியே வரும்.

“ஆரியங்காவுக்கு மேல ஒரு எஸ்டேட் பங்களாவ இடிச்சப்ப வந்துச்சு டீச்சர்” என்றார் கடைக்காரர். “கரும்பு மெஷின்னு நெனச்சி எடுத்துப் போட்டேன். ஜூஸ் கடைக்காரன் வந்து பாத்துட்டு, இதுல கரும்ப விட்டா ரப்பர் வாடைலா அடிக்கும்னுட்டுப் போயிட்டான்.”

“நான் எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி.”

“இதையா? என்னத்துக்கு?”

“துணி துவைக்கதுக்குத்தான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தென்காசியில் பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்துகிற ஒருத்தி வீட்டில் வாஷிங் மெஷின் இல்லாமலா இருக்கும் என்று யோசித்திருப்பார். இருக்கத்தான் செய்கிறது. துணியைப் போட்டு, மூடியைச் சாத்தி, பொத்தானை அமுக்கிவிட்டு வந்துவிட வேண்டியதுதான். உள்ளே என்ன நடக்கிறதென்று அது யாருக்கும் காட்டாது. இருபது வருடமாகப் பல்சக்கரத்தையும் நெம்புகோலையும் கரும்பலகையில் வரைந்து காட்டிக்கொண்டிருக்கும் எனக்கு, எல்லாவற்றையும் வெளியே காட்டிக்கொண்டு நின்ற அந்த மெஷினை விட்டுவிட்டு வர முடியவில்லை. லோடு ஆட்டோவில் ஏற்றி, நானும் பின்னாலேயே அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன்.

என் கணவர் ஆலங்குளத்தில் சப்-இன்ஸ்பெக்டர். சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு முற்றத்தில் நின்றவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“ஏட்டி, என்னதுட்டி இது?”

“வாஷிங் மெஷின்.”

“உள்ள ஒண்ணு கெடக்குல்லா?”

“அது வேற, இது வேற.”

“போலீஸ்காரன் வீட்டு முத்தத்துல பழைய இரும்பு கெடந்தா பாக்கவன் என்ன நெனப்பான்? திருட்டுச் சாமான்னுலா சொல்லுவான்!”

அடியில் இருந்த கியர் பெட்டியைத் திறந்தபோது எண்ணெய் அல்வாவாக உறைந்திருந்தது. தோசைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினால், பல்சக்கரங்கள் ஒரு பல்கூடத் தேயாமல் பளபளத்தன. நான் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். மோட்டாரைக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோனேன். “வெள்ளக்காரன் கட்டுன அழகப் பாருங்க டீச்சர், இதப் பிரிக்க எனக்கு மனசு வரல” என்று சொல்லி, அவர் ஈரத்தை மட்டும் வாட்டி எடுத்து, வயரையும் பேரிங்கையும் மாற்றி, எர்த் இழுத்துக் கொடுத்தார். உருளைகள்தான் பாடாய்ப்படுத்தின. ரப்பர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அச்சாபீஸ் மெஷின் உருளைகளுக்கு ரப்பர் போட்டுத் தருகிறவர்கள் சிவகாசியில் உண்டு என்று கேள்விப்பட்டு, இரண்டையும் பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வாசுதேவநல்லூரில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “எத்தன பேருக்கு சப்பாத்தி போடுதிய?” என்று கேட்டார்.

ஒரு சனிக்கிழமை காலையில் தொட்டியை நிரப்பி, சோப்புத் தூள் போட்டு, சுவிட்சைத் தட்டினேன். நடுவில் இருந்த துடுப்பு அரை வட்டம் இந்தப் பக்கம், அரை வட்டம் அந்தப் பக்கம் என்று திரும்ப ஆரம்பித்தது. சளக், சளக், சளக். நுரை பொங்கி விளிம்புக்கு வந்தது. முதல் துணி அவருடைய காக்கிச் சட்டை. காலரை உருளைகளின் வாயில் வைத்ததும் அது பிடித்து இழுத்தது பாருங்கள், தண்ணீர் பழுப்பாகத் தொட்டிக்குள் கொட்டுகிறது, அந்தப் பக்கம் சட்டை அட்டை மாதிரி நீண்டு வருகிறது! நான் கத்திய கத்தில் அடுத்த வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். டப்பென்று ஒரு சத்தம். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப்போய்க் கதவில் அடித்து விழுந்தது.

“யூனிபாரம்டி!” என்றார் அவர். ஆனால் சட்டையைக் கையில் வாங்கி உதறிப் பார்த்தார். சொட்டுத் தண்ணீர் இல்லை. “நம்ம புது மெஷின்கூட இந்தப் பிழி பிழியாது போலிருக்கே” என்று சொன்னது என் காதில் விழுந்தது. அதன் பிறகு பொத்தானை உள்பக்கமாக மடித்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது மெஷின் எங்கள் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் தோழி மூலம் வந்தது. வடகரைக்காரி. அவள் வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் வாங்கி வந்த கைப்பிழிவான் பரணில் கிடந்தது. மோட்டாரும் இல்லை, தொட்டியும் இல்லை. மரச்சட்டத்தில் இரண்டு உருளை, சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி, மேசையில் மாட்டிக்கொள்ள இரண்டு திருகு. “உங்களுக்குத்தான் இந்தப் பைத்தியம் இருக்கே, கொண்டு போங்க டீச்சர்” என்று அவளே தூக்கிக் கொடுத்தாள். ரப்பர் கொஞ்சமும் கெடாமல் இருந்தது. அன்று முழுவதும் கைக்குட்டை, திரைச்சீலை, கால்மிதி என்று அகப்பட்டதையெல்லாம் நனைத்து நனைத்துப் பிழிந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கவனம் தப்பியது. ஒரு நாள் காலை பள்ளிக்குக் கிளம்பிய அவசரத்தில், சேலையைக் கட்டிக்கொண்டு, கடைசி இரண்டு துண்டுகளைப் பெரிய மெஷினில் பிழியக் குனிந்தேன். முந்தானை சரிந்து துண்டோடு சேர்ந்து உருளைகளுக்குள் போய்விட்டது. கண்மூடித் திறப்பதற்குள் தோள் வரை இழுத்துவிட்டது. மேலே ஒரு பட்டை இருக்கிறது, அதைத் தட்டினால் உருளைகள் விலகிவிடும். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் கை போகவில்லை, வாயில் சத்தமும் வரவில்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு ஓடிவந்து பட்டையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். உருளைகள் டக்கென்று விலகின. என் முகம் இரும்புச் சட்டத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அவர் பிளக்கை வயரோடு வெட்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். பத்து நாள் அந்த மெஷின் முற்றத்தில் சும்மா கிடந்தது. பதினோராம் நாள் அவர் காலால் அமுக்குகிற ஒரு சுவிட்சும் புது வயரும் வாங்கி வந்து, காயில் கடைக்காரரைக் கூட்டிவந்து மாட்டவைத்தார்.

“கால அமுக்குனா ஓடும், எடுத்தா நின்னுரும். சேலை கட்டிக்கிட்டு இது பக்கத்துல போகக் கூடாது. சரியா?”

“சரி.”

“பயந்துட்டேன்டி” என்றார்.

அந்த ஆடியில் சாரல் நிற்கவே இல்லை. குற்றாலத்தில் அருவியெல்லாம் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தது. தோழி வீட்டில் அவள் மகள் நிக்காஹ். துபாயிலிருந்து, அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணனும் மதினியும் மூன்று பிள்ளைகளும் வந்திருந்தார்கள். கல்யாணம் முடிந்து தினமும் ஐந்தருவிக்குப் போய்க் குளித்திருக்கிறார்கள். அவர்கள் கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குப் போன் வந்தது.

“டீச்சர், வாரம் பூரா துவைச்ச துணி ஒண்ணும் காயல. ராத்திரி காத்துல மரம் விழுந்து கரண்டும் போச்சு. பிளேன் ஏற ரெண்டு மணிக்குத் திருவனந்தபுரத்துக்குக் கார் கெளம்புது. ஈரத்தோட பொட்டியில வச்சா நாலு கிலோ, அஞ்சு கிலோ கூட வருது. அந்தக் கைமெஷின் இருக்கா?”

இருக்காவா! நான் போனை வைப்பதற்கு முன்பே திருகுகளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். சுடிதார் மாட்டிக்கொண்டு வந்தபோது, லீவில் இருந்த என் கணவர் அதைக் கார் டிக்கியில் ஏற்றிவிட்டிருந்தார். “நீ ஓட்டிக்கிட்டுப் போய் வேகத்துல எங்கயாச்சும் இடிச்சி வச்சிருவ” என்று சாவியை அவரே எடுத்துக்கொண்டார்.

வடகரையில் வீடு முழுக்கக் கொடி. கொடி முழுக்க ஈரத்துணி. கல்யாணச் சமையலுக்குப் போட்ட நீளமான பெஞ்சை வாசல் பந்தலுக்குக் கீழே இழுத்து, கைப்பிழிவானை அதில் மாட்டினோம். நான் துணியை மடித்து உள்ளே கொடுக்க, அவர் கைப்பிடியைச் சுற்ற, தோழி மறுபக்கம் வாங்கினாள். முதலில் ஒரு பையனுடைய ஜீன்ஸ். ஏற்கெனவே கையால் முறுக்கிப் பிழிந்துதான் கொடியில் போட்டிருந்தார்கள். அப்படியும் அதிலிருந்து அரைச் செம்புத் தண்ணீர் கொட்டியது. பந்தலே “ஏ யப்பா!” என்றது.

அடுத்த ஜீன்ஸுக்குக் கூட்டம் கூடிவிட்டது. துண்டு, போர்வை, அபாயா, பிள்ளைகளின் சட்டைகள். என் கணவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, வேர்த்து வழியச் சுற்றினார். காக்கா பக்கத்தில் வந்து, “நீங்க விடுங்க சார், நான் கொஞ்சம் சுத்துதேன்” என்றார். “பரவால்ல, இன்னும் நாலு இருக்கட்டும்” என்று இவர் கைப்பிடியை விடவே இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பிழிந்த துணிகளைக் கொல்லையில் பிரியாணி வெந்துகொண்டிருந்த விறகு அடுப்புகளுக்கு மேலே கயிறு கட்டிப் போட்டார்கள். ஒரு மணி வாக்கில் தொட்டுப் பார்த்தால் லேசான நசநசப்புதான் பாக்கி. பெட்டிகளைத் தூக்குத் தராசில் மாட்டினார்கள். காலையில் முப்பத்து நான்கு காட்டிய பெட்டி முப்பதரை காட்டியது.

“பிளேன்ல முப்பதுதான் விடுவான். இன்னும் அரைக் கிலோ” என்றார் காக்கா.

“அல்வாவ எடுத்துருவமா?” என்றாள் தோழி.

வீடு முழுவதும் ஒரே குரலில் “வேண்டாம்!” என்றது. கடைசியில் காக்கா தன் ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டார். மதினி ஒரு துண்டை மோந்து பார்த்து, “துபாய்ல தொறந்தா பிரியாணி வாசம் வரப் போவுது” என்றாள். சாரலுக்குள் கார் கிளம்பிப் போனது.

பெஞ்சிலிருந்து திருகைக் கழற்றும்போது தோழி பக்கத்தில் வந்து நின்றாள். உருளையைத் தடவினாள்.

“வாப்பா இதச் சுத்துதத நான் பாத்ததே இல்ல டீச்சர். இன்னைக்குத்தான் இது ஓடி பாக்கேன்…”

அது அவளிடமே இருக்க வேண்டியது என்று எனக்குப் புரிந்தது. பொய் சொல்வானேன், கொடுக்க எனக்கு மனசில்லைதான். ஆனால் கழற்றிய திருகை நானே திரும்ப முடுக்கினேன். “இங்கனயே இருக்கட்டும். மழைக்காலத்துல உங்களுக்குத்தான் வேணும்.” அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தூக்குச் சட்டி நிறையப் பிரியாணி கொடுத்து அனுப்பினாள்.

வரும் வழியில் பண்பொழி தாண்டியதும், இவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“ஆலங்குளத்துல ஒரு பழைய லாண்டரி பூட்டிக் கெடக்கு. உள்ள என்னெல்லாமோ மெஷின் கெடக்குன்னு ஏட்டு ஒருத்தர் சொன்னாரு.”

“எப்பச் சொன்னாரு?”

“அது ஆச்சு, ஒரு மாசம். நாந்தான் கேட்டு வச்சிருந்தேன்.”

நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “அப்ப ஏன் வீட்டுக்குப் போற ரோட்டுல திரும்புதிய? நேரா விடுங்க!”

ஆலங்குளம் போய்ச் சேர்ந்தபோது நான்கு மணி இருக்கும். பக்கத்துக் கடையில் சொல்லி உரிமையாளருக்குப் போன் போட்டுவிட்டு, அவர் சாவியோடு வரும் வரை பொறுக்காமல் இருவரும் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து உள்ளே பார்த்தோம். தூசி, உடைந்த மேசை, மூலையில் சாக்குப் போர்த்திய ஏதோ ஒன்று. இவர் போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“ஏட்டி, உருள! ரெண்டு உருள தெரியுது பாரு!”