உஜனிக் கரைக்காகப் பேசிய செல்லக்கனி அக்கா

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வருகிற போன் எல்லாம் மீனுக்குத்தான் வரும். கட்லா இருக்கா, தலை கிடைக்குமா, போன தடவை துண்டு பெரிசாப் போட்டுட்டீங்களே என்று. அன்றைக்கு முதல் போன் செல்லக்கனி அக்காவின் மகன் குமாரிடமிருந்து வந்தது. "சித்தி, மம்மி நஹி ரஹி" என்றான். புனேயில் பிறந்து வளர்ந்த பிள்ளை, துக்கம் அவனுக்கு ஹிந்தியில்தான் வந்தது. அம்மா போய்விட்டார் என்று அவன் சொன்னது காதில் விழுந்த பிறகும், "டெம்போ கிளம்பியாச்சா?" என்று கேட்டேன். என்ன மனுஷி நான்! உஜனிக்கு மீன் ஏலத்துக்குக் கிளம்ப எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்ததாம்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அக்கா தூத்துக்குடிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். ராணுவப் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவரைக் கட்டிக்கொண்டு புனேயில் வானவடிப் பகுதிக்கு வந்தவர். இங்கே கடல் ஏது? சோலாப்பூர் ரோட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் உஜனி அணையின் நீர்த்தேக்கம் வரும். அங்கே மீன் பிடிக்கிறவர்களிடம் நேரடியாக வாங்கி, புனேயில் வீடு வீடாக விற்கிற தொழிலை அவர் ஆரம்பித்தார். என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நானும் அவரோடு சேர்ந்தேன். அவர் ஏலம் எடுப்பார். நான் வெட்டி, கழுவி, ஸ்கூட்டரில் மகர்பட்டா வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஆரம்பத்தில் நம்மவர்கள் யாரும் அணை மீனை மதிக்கவில்லை. சென்னையிலிருந்து ஐடி வேலைக்கு வந்த ஒரு தம்பி, "டேம் மீனா? சேறு நாறும் ஆன்ட்டி, வஞ்சிரம் இல்லையா?" என்று மூக்கைச் சுளித்தார். அக்கா விடுவாரா? "வஞ்சிரம் கடல்ல கெடக்கு தம்பி. பிடிச்சிட்டு வாங்க, நான் வெட்டித் தாரேன்" என்றார். சொல்லிவிட்டு, இரண்டு துண்டு ரோகுவைப் பொட்டலம் கட்டி அவர் கையில் திணித்தார். "புளி கூட விட்டுக் குழம்பு வச்சுப் பாருங்க. பிடிக்கலன்னா சட்டியோட வந்து ஏசுங்க." அந்தத் தம்பி இன்றுவரை எங்கள் வாடிக்கையாளர்.

உஜனியில் நாங்கள் போகிற இடம் ஒரு சின்னச் சரிவு. அந்தப் பக்கத்தில் படகை மேலே இழுத்துப் போடவும், வண்டி தண்ணீர் ஓரம்வரை இறங்கவும் வாகான இடம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பாறை, இல்லாவிட்டால் முழங்கால் சேறு. அங்கே ஏலம் கூறுகிறவர் தத்தூ. அவருடைய மனைவி சுந்தராபாய் மீனைத் தரம் பிரிப்பாள். அக்காவும் அவளும் சேர்ந்துவிட்டால் அந்தக் கரையே அதிரும், அப்படிச் சிரிப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சிரிப்பு நின்றது. குளிர்காலத்தில் பூநாரை பார்க்கக் கூட்டம் வர ஆரம்பித்ததும், பக்கத்தில் விடுதி நடத்துகிறவர் ஒருவர் அந்தச் சரிவு முழுவதையும் சுற்றுலாப் படகுக்குக் குத்தகையாகக் கேட்டு மனுப் போட்டார். செய்தி கேட்ட அன்று அக்கா சாப்பிடவில்லை. "எங்க ஊர்க் கரையிலயும் மொதல்ல ஒரு சுவர்தாம்ட்டி வந்துச்சு. சுவருக்கு அங்கிட்டு வள்ளத்தப் போடுங்கன்னாவ. பெறகு சுவர் நகந்து நகந்து தண்ணிக்கே வந்துட்டு. எங்க அண்ணன் வள்ளத்த வித்துட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போனான். இங்கயும் அத நான் பாக்க மாட்டேன்" என்றார்.

விடுதிக்காரர் சொன்ன முதல் குறை மீன் நாற்றம். ஆகவே அக்காவே ஒரு யோசனை சொன்னார், ஏலம் முடிந்ததும் கரையைச் சுத்தமாக வைத்துவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது என்று. படகுக்காரர் வீட்டுப் பெண்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சரிவைக் கழுவினார்கள், செதில் ஒன்று விடாமல் கூட்டினார்கள். ஆண்கள் படகுகளைக் கருவேல மரங்களுக்குப் பின்னால் இழுத்துப் போட்டார்கள். மனு கிடப்பில் கிடந்து, கடைசியில் போன மாதம் அணை நிலத்தைப் பார்க்கும் அதிகாரி நேரில் வருகிறார் என்று தெரிந்ததும் கேட்க வேண்டுமா? வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற ஜனம். கரையிலும் சாணம் தெளித்து ரங்கோலி போட்டு, நாற்காலி போட்டு வைத்தார்கள்.

அதிகாரி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். டீ குடித்தார். "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க" என்று பாராட்டினார். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே மீன்பிடித் தொழில் நடப்பதற்கான அடையாளமே இல்லையே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

 திரும்பி வரும்போது, "என் வாயாலயே கெடுத்துட்டனேட்டி" என்றார் அக்கா. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

ஆனால் அழுதுகொண்டு உட்காருகிற ஆளா அவர்? மறுநாளே அதிகாரியின் அலுவலகத்தில் போய் நின்றார், என்னையும் இழுத்துக்கொண்டு. பாதி ஹிந்தியும் பாதி மராட்டியுமாக அவர் பேசியது இதுதான். "ஸாஹேப், கல்யாணத்துக்குச் சாயங்காலம் வந்துவிட்டு, இங்கே யாரும் தாலி கட்டவில்லை என்று சொன்னால் எப்படி? விடியும்போது வாருங்கள்." அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்த மனுஷன் மறுக்க முடியுமா? வருகிறேன் என்றார்.

அவர் வருகிற அன்று காலையிலும் சுந்தராபாய் துடைப்பத்தோடு வந்து நின்றாளே, அதை என்ன சொல்ல! பெரிய மனிதர் வருகிற இடத்தை இப்படியே விட்டால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று அவளுக்குக் கவலை. அக்கா எல்லாத் துடைப்பத்தையும் பிடுங்கி டெம்போவுக்குள் போட்டுப் பூட்டினார். "நாறட்டும். நாறினாத்தான் நம்ம கரை" என்றார். அதிகாரி வந்தபோது படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. நிற்க இடமில்லாமல் வலையும் கூடையும் ஐஸ் பெட்டியும் கிடந்தன. தத்தூ ஏலம் கூறுகிற கூச்சலில் அதிகாரி பேசியது யாருக்கும் கேட்கவில்லை. பேன்ட்டிலெல்லாம் செதில் ஒட்டியிருக்க அவர் எங்களிடம் வந்து, "கூட்டம் வைக்கிறேன், உங்கள் தரப்பில் ஒருவர் வந்து பேசட்டும்" என்றார்.

எல்லோரும் அக்காவைத்தான் பார்த்தார்கள். அக்கா முடியாது என்றார். நான் வாங்கிக்கொண்டு போகிறவள், கரை உங்களுடையது, சுந்தராபாய்தான் பேச வேண்டும் என்று அடித்துச் சொல்லிவிட்டார். சுந்தராபாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, நானாவது ஸாஹேப் முன்னால் பேசுவதாவது என்று ஓடியே போய்விட்டாள். "நீ பேசுவ. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்று அக்கா அவளுக்கு வாக்குக் கொடுத்தார்.

கூட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. அதற்குள் போய்விட்டார்.

உஜனியிலிருந்து படகுக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சுடுகாட்டில் சுந்தராபாயைப் பிடிக்க முடியவில்லை. "பக்கத்தில் உட்காருகிறேன் என்று சொன்னாயே அக்கா" என்று மராட்டியில் அவள் அரற்றினாள். அந்த அழுகைக்கு எந்த பாஷை தெரிய வேண்டும்? நின்ற அத்தனை பேரும் அழுதோம்.

கூட்டத்தில் விடுதிக்காரர் படம் எல்லாம் காட்டி நன்றாகவே பேசினார். உங்கள் தரப்பில் யார் என்று அதிகாரி கேட்டதும் தத்தூ என்னைத்தான் பார்த்தார். எனக்கு வாய் நீளம், ஊருக்கே தெரியும். ஆனாலும் அக்கா சொன்ன சொல் இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுந்தராபாய் எழுந்தாள். 

"ஸாஹேப், அது எங்கள் வீடு, அதனால்தான் கழுவி வைத்தோம். வீட்டைக் கூட்டி வைத்தவளிடம் இது காலி மனை என்று சொல்வீர்களா?" என்றாள். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

சரிவு மீன் இறக்கும் இடமாகவே இருக்கும், சுற்றுலாப் படகுக்குக் கரையின் வளைவுக்கு அப்பால் இடம் பார்த்துத் தருகிறோம் என்று அன்றே முடிவாயிற்று. பாவி மனுஷி, இதைக் கேட்காமல் போனாரே என்று எனக்கு ஆறவே இல்லை.

மறுநாள் காலை ஏலத்துக்கு நான் தனியாகப் போனேன். அந்தக் கரையில் வாங்குகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பாராமதி, இந்தாப்பூர் என்று ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அக்கா அங்கே வானவடி. தத்தூ முதல் கூடையைக் கொட்டினார். பழக்க தோஷம், "வானவடி!" என்று கூவிவிட்டார். கூவிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அப்படியே நின்றுவிட்டார். வேறு யாரும் விலை கேட்கவில்லை. அக்காவோடு தினமும் மல்லுக்கு நிற்கிற பாராமதிக்காரர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் காத்திருந்தார்கள்.  நான் கையைத் தூக்கினேன். தத்தூ கண்ணைத் துடைத்துக்கொண்டு விலை கூற ஆரம்பித்தார்.

கரை நம்மகிட்டத்தான் இருக்கு அக்கா. நிம்மதியாப் போயிட்டு வாங்க.