அம்மை இறங்கிய வீட்டு வாசலில்

சப்பரத்துக்கு முதல் தோள் யார் கொடுப்பது? இதற்காகத்தான் என் தாலியும் என் தம்பியின் உயிரும் ஊசலாடின. கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அன்று எனக்கு வரவில்லை.

மலாய் நாடு சுதந்திரம் பெற்ற வருடம். காஜா பெராங்கில் எங்கள் மாரியம்மன் திருவிழா. எங்கள் சந்துக்காரர்களுக்கும் அடுத்த சந்தில் இருந்த என் தம்பி முனியாண்டியின் கூட்டாளிகளுக்கும் கைகலப்பு ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் தள்ளியதில் தம்பியின் மண்டை உடைந்தது. ஊருக்கே மெர்டேக்கா வந்தும் இவர்கள் வீம்புக்கு மட்டும் விடுதலை இல்லை.

தம்பி ஆள் சேர்க்கிறான் என்று சேதி வந்தது. இவர் கிணற்றடியில் பாராங் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தார். கெஞ்சினேன், திட்டினேன், சோறு போடமாட்டேன் என்றேன். ஒன்றும் பலிக்கவில்லை. தம்பியிடம் ஓடினேன்.

"நீ அவங்க ஆளு, போக்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாமி படத்தின் முன் விழுந்தேன். தாயே, யார் செத்தாலும் சாவு என் வீட்டில்தான், நீயே வந்து நடுவில் நில் என்று கதறினேன்.

மறுநாள் காலை என் மகள் செல்விக்கு உடம்பு கொதித்தது. மதியத்துக்குள் உடம்பெல்லாம் முத்து. அம்மை! எனக்குக் கோபம் பொங்கியது. நடுவில் நிற்கச் சொன்னால் என் பிள்ளை மேலா இறங்குவாய் என்று அம்மனையே கேட்டேன். அழுதுகொண்டே வாசலில் வேப்பிலை செருகினேன்.

அம்மை கண்ட வீட்டில் நாங்கள் தாளிக்கமாட்டோம், சவரக்கத்தி கூடத் தொடமாட்டோம், குரலை உயர்த்தமாட்டோம். மீறினால் பிள்ளைக்கு ஆகாது. இவர் பாராங்கைக் கிணற்றடியிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலமே அவர்கள் வந்துவிட்டார்கள். முன்னால் தம்பி, தலையில் கட்டு, கையில் பாராங். நான் வெறுங்கையோடு வாசலை மறித்தேன்.

"சத்தம் போடாதீங்க. வீட்டுல அம்மா வந்திருக்காங்க, செல்வி மேல."

கூட வந்தவர்கள் வேப்பிலையைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார்கள். தம்பியின் கை மட்டும் இறங்கவில்லை.

"வெட்டணும்னா என்னைத் தாண்டிப் போ. இல்லன்னா அதைக் கீழ வெச்சிட்டு, வந்து பிள்ளைக்கு விசிறு."

அவன் அசையவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டான்: "ரொம்பக் கொதிக்குதாக்கா?"

பாராங்கைக் கால்வாய் ஓரம் வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

பிள்ளையின் இருபுறமும் இருவரும் வேப்பிலையால் விசிறினார்கள். கத்த வழியில்லை. சண்டையைக்கூடக் கிசுகிசுவென்றுதான் போட வேண்டியிருந்தது.

"மண்டைய உடைக்கணும்னு தள்ளலடா" என்றார் இவர்.

"தெரியும் மச்சான். விழுந்து கிடந்தேன், தூக்க வரலையே நீங்க."

இவர் குலுங்கி அழுதார். தம்பியும் அழுதான்.

செல்விக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை தம்பி தினமும் இளநீரோடு வந்தான். அடுத்த திருவிழாவுக்கு முன் இரண்டு சந்துக்காரர்களும் கோயிலில் உட்கார்ந்து பேசினார்கள். முதல் தோளை இரண்டு சந்தும் ஒன்றாகவே கொடுப்பது, இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் என்று முடிந்தது. யாராவது குரலை உயர்த்தினால் இவரும் தம்பியும் சேர்ந்தே அதட்டுவார்கள்!

பகையோடு தவிக்கிறவர்களே, அம்மனை நம்பிக் கூப்பிடுங்கள். எப்படி வரவேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவள் வந்துவிட்டால், வாசலில் நிற்கிற பகையாளியையும் உள்ளே கூப்பிடுங்கள்.