முழுக்கப் படித்ததாகச் சொன்ன புத்தகம்

மைசூர் விஜயநகர் நாலாவது ஸ்டேஜில் புதிதாக எழும்பும் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிற ஆறுமுகசாமிக்கு ஒரே மகள் வினிதா. ஆறுமுகசாமியின் அப்பா வழி ஹனூரைத் தாண்டிய காட்டோர ஊர். அம்மா வழி பாலாற்றுக்கு அந்தப் பக்கம், மேட்டூர்ச் சீமை. சின்ன வயதில் மாமன் வீட்டில் விட்டு ஏழாவது வரைக்கும் படிக்க வைத்ததால் அவருக்குத் தமிழ் வாசிக்க வரும். அவருக்குப் பின்னால் பிறந்தவள் மல்லம்மா, ஒரே தங்கை. அவள் பேச்சு அந்த வீட்டில் வருவதில்லை. பாகத் தகராறில் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று மட்டும் வினிதாவுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

வினிதா பிறந்தது, படித்தது எல்லாம் மைசூர்தான். பள்ளிக்கூடத்தில் கன்னடம், கல்லூரியில் இங்கிலீஷ், வீட்டில் பேச்சுக்கு மட்டும் தமிழ். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. கம்ப்யூட்டர் படிப்பில் மூன்றாம் வருஷம். பாடத்துக்கு வேண்டியதை முடித்த கையோடு, தன் ஆசைக்கு ஏதாவது புரோகிராம் எழுத உட்கார்ந்துவிடுவாள். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெருக்காரர்களின் போனுக்குச் சொல்கிற ஒன்றைச் செய்தாள். இரண்டு வாரம் சரியாகச் சொன்னது, மூன்றாம் வாரம் தெருவையே காலிக் குடத்தோடு நிற்க வைத்தது. அறையின் நீள அகலத்தைப் போட்டால், உடைசலுக்கும் சேர்த்து எத்தனை டைல்ஸ் வேண்டும் என்று சொல்கிற ஒன்றை அப்பாவுக்காகச் செய்தாள். அவர் அதை மேஸ்திரிகளிடம் எல்லாம் பெருமையாகக் காட்டிவிட்டு, பிறகு பழையபடி விரலை மடக்கித்தான் எண்ணினார்.

மூன்றாவதாகச் செய்ததுதான் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது. கதைப் புத்தகங்களைப் படமாகவும் தொடராகவும் எடுக்கிறார்களே, அவற்றுக்கென்று ஓர் இணையப் பக்கம். இடப்பக்கம் புத்தகம், வலப்பக்கம் படம். படக்காரர்கள் விட்டது சிவப்பில் தெரியும், அவர்களாகச் சேர்த்தது பச்சையில். கீழே அவள் அபிப்பிராயம், இங்கிலீஷில், கொஞ்சமும் தயவு தாட்சண்யம் இல்லாமல். ‘இருபது வருஷத்தில் கதாநாயகியின் மூக்குக்கண்ணாடிக்கு மட்டும் வயதாகியிருக்கிறது’ என்று ஒரு தொடரைப் பற்றி எழுதியதை எத்தனையோ பேர் பகிர்ந்தார்கள். பக்கத்தின் தலையில் ஒரு வரி போட்டிருந்தாள்: ‘இங்குள்ள ஒவ்வொரு புத்தகத்தையும் முழுக்கப் படித்த பிறகே எழுதுகிறேன்.’

அப்படியிருக்க, ஒரு தமிழ் நாவல் படமாக வருகிறது என்று செய்தி வந்தது. புத்தகத்தை வரவழைத்துவிட்டாள். வாசிக்க ஆள் அப்பாதான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் அவர் உரக்கப் படிப்பார், வினிதா குறிப்பெடுப்பாள், அம்மா மகேஸ்வரி அவரைக்கொட்டை உரித்தபடி கேட்பாள். மகள் முன்னால் தட்டுத் தடுமாறக் கூடாதென்று, ஒவ்வொரு அத்தியாயத்தையும் வேலை செய்கிற இடத்திலேயே மத்தியானத்தில் ஒருதரம் படித்துப் பார்த்துக்கொள்வார் ஆறுமுகசாமி. பதினோரு ஞாயிறு ஆயிற்று கதை முடிய. காதால் கேட்டதையும் படித்த கணக்கில் சேர்த்துக்கொண்டாள் வினிதா. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

படம் வந்தது. அதில் ஒரு காட்சி. புருஷன் அடி பொறுக்காமல் ஒரு பெண் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். அண்ணன் கஞ்சி ஊற்றி, அன்றைக்கே பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுகிறான். அப்பா படித்ததில் அப்படி எதுவும் இல்லையே! வினிதா அதற்குப் பச்சை அடித்தாள். ‘அழவைப்பதற்காக டைரக்டர் எங்கிருந்தோ கொண்டுவந்த அண்ணன். எந்த அண்ணன் இப்படிச் செய்வான்?’ என்று எழுதினாள். எழுதிய சூட்டோடு அப்பாவுக்குத் தமிழில் சொல்லியும் காட்டினாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்கற கண்ணு,” என்றார் அவர்.

நாலாம் நாள் கூடப் படிக்கிற உமேஷ் கூப்பிட்டான்.

“வினி, ஏனே இது? சேலத்துல யாரோ ஸ்ரீதேவின்னு ஒரு மேடம், ஒம்பது பேஜ் போட்டோ போட்டிருக்காங்க. அந்த அண்ணன் புக்லயே இருக்கான்.”

“சும்னே தமாஷ் பண்ணாதடா.”

“தமாஷா? பேஜ் நம்பரோட இருக்கு. நீ புக் ஓதினயா இல்லயா?”

“ஓதினேன்.”

“உன் கண்ணாலயா?”

“அது வந்துடா…” என்று இழுத்தாள் வினிதா. உமேஷ் கெட்டிக்காரன், புரிந்துகொண்டான். “பிடு, விட்டுத் தள்ளு, ஒண்ணும் ஆகல. நம்ம காப்பியில அந்தப் பேஜெல்லாம் பைண்டிங்ல விட்டுப்போச்சுன்னு போட்டுடு. பப்ளிஷர் என்ன உன் வீட்டுக்கா வரப்போறான்?”

போனை வைத்ததும் வினிதா புத்தகத்தை எடுத்தாள். எண்கள் தெரியுமே, அந்தப் பக்கங்களைத் தேடி எடுத்து போட்டோவின் பக்கத்தில் வைத்தாள். எழுத்தின் வளைவு நெளிவை ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள், பிள்ளைகள் படம் பார்த்துப் பொருத்துகிற மாதிரி. ஒன்பதும் இருந்தன. ஒரு ஏடு கிழியவில்லை, ஒட்டவும் இல்லை. பக்கத்தின் கீழே ஜனங்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ‘முழுக்கப் படித்தவரே, வணக்கம்’ என்று ஒருவர். அவளுக்குக் காது மடல் எரிந்தது. உமேஷ் சொன்ன பொய்யை டைப் செய்துவிட்டாள். அனுப்பத்தான் விரல் போகவில்லை. அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று, வேலை விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர் முன்னால் புத்தகத்தோடு போய் நின்றாள்.

“அப்பா, இதை எனக்கு நீங்க படிக்கவே இல்லையே?”

அவர் எட்டிப் பார்த்தார். “ஏடு சேர்ந்து திரும்பியிருக்கும் கண்ணு.”

“ஒம்பது பக்கமுமா சேர்ந்து திரும்புச்சு?” என்றாள் மகேஸ்வரி உள்ளிருந்து. “சொல்லிப் போடுங்க. புள்ளையப் பாத்து ஊரே சிரிக்குது.”

ஆறுமுகசாமி ஈரக் காலோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார்.

“உன் அத்தை மல்லி வந்தா. நீ அப்பத்தான் தவந்துட்டு இருந்தே. ‘அண்ணா, பத்து நாளைக்கு இருந்துக்கட்டுமா’ன்னு கேட்டா. முகமெல்லாம் வீங்கியிருந்துச்சு. நமக்கோ ஒத்தை ரூமு. அவ வீட்டுக்காரன் தேடிட்டு வந்து, வீட்டு ஓனர் முன்னால கலாட்டா பண்ணிட்டா என்ன பண்றது? சோறு போட்டேன். பைய உள்ள கொண்டார விடல. வெயில் தாழறதுக்குள்ள நானே கொள்ளேகால் பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டேன். அவ வீட்டுக்காரங்கிட்டப் போகவே இல்ல. எங்கியோ திருப்பூர்ப் பக்கம் இருக்கறாளாம்.”

“பாகத் தகராறுன்னு சொன்னீங்க?”

“நானுந்தான் சொன்னேன்,” என்றாள் மகேஸ்வரி. இந்தத் தடவை குரல் எழும்பவில்லை.

“வேலை எடத்துல ஒரு மத்தியானம் இதப் படிச்சேன் சாமி,” என்றார் ஆறுமுகசாமி. “உன் முன்னால வாய்விட்டுப் படிக்க முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு. விட்டுட்டேன்.”

அப்பாவைக் கேட்க வந்தவளுக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ‘எந்த அண்ணன் இப்படிச் செய்வான்?’ அதை அவள் சிரித்துக்கொண்டு, அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். அவரும் நல்லாயிருக்கு என்றிருக்கிறார்.

உள்ளே போய் உமேஷின் பொய்யை அழித்தாள். ‘எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஒருவர் வாசிக்கக் கேட்டேன். கேட்டதைப் படித்தேன் என்று சொன்னது என் தப்பு’ என்று எழுதினாள். அண்ணன் காட்சியைப் பச்சையிலிருந்து எடுத்துப் புத்தகத்தின் பக்கம் போட்டாள். தலைப்பில் இருந்த அந்த வரியையும் எடுத்தாள். முதுகுக்குப் பின்னால் அப்பா வந்து நிற்பதை அப்போதுதான் கவனித்தாள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

“நான் வேணும்னே விட்டதை எழுதினயா?”

“அது எதுக்குப்பா?”

“எழுது. எந்த அண்ணன் செய்வான்னு ஊரக் கேட்டிருக்கயே, அதுக்குப் பதில் வேண்டாமா? எங்கப்பன் செஞ்சான்னு எழுது. என்ற பேரப் போட்டே எழுது.”

அவர் அங்கேயே நின்றார். வினிதா எழுதினாள்: ‘எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் செய்திருக்கிறார்.’ பெயர் போடக் கை வரவில்லை. கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த வரியையும் அழித்தாள். மிச்சத்தை அனுப்பினாள்.

“எழுதிட்டயா?”

“எழுதிட்டேன்ப்பா.”

“எது? எந்த வரி?”

திரையில் கைக்கு அகப்பட்ட ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள். “இதுதான்.”

ஆறுமுகசாமி குனிந்து, கண்ணைச் சுருக்கி, அந்த வரியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் மெல்லப் பார்த்தார். “ம்” என்றார். வினிதா விரலை எடுக்கவில்லை, திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை.