என் தம்பிக்கு நாற்பத்திரண்டு வயது

என் தம்பி அல்பேட் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். இதை ஆஸ்பத்திரி வாசலில் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டி வந்தது. "மகள், அப்பாட கையைப் புடிச்சுக் கூட்டிக்கொண்டு வாங்க" என்றார் அங்கே நின்ற கிழட்டுக் காவலாளி. எனக்குக் கொதி வந்துவிட்டது. அல்பேட்டுக்கோ சிரிப்பு.

"உனக்கு வயசு குறைஞ்சிருக்கு, சந்தோசப்படு அக்கா."

கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுத்தவன் அவன். அவன் கயிற்றைப் பிடித்தால் மற்றவர்கள் சும்மா நிற்கலாம். சுனாமி அவன் மனைவியையும் மகள் ஷெரோனையும் கொண்டுபோனது. அதன்பிறகு அவன் கடல் பக்கமே போகவில்லை. இளவயதிலேயே வந்த நீரிழிவை, அந்தச் சீனி வருத்தத்தையும் கவனிக்கவில்லை. ஊசி போடச் சொல்லி நான் கத்துவேன். "ஆருக்காக அக்கா?" என்பான். சீனி சிறுநீரகத்தைத் தின்றது, பிறகு நெஞ்சுக்கு வந்தது. தலை நரைத்து, பல்லும் கொட்டிவிட்டது.

சண்டை முடிந்தது என்று வானொலி சொன்ன கிழமைதான் டொக்டரும் முடிவு சொன்னார். ஒப்பரேசன் செய்தால் பிழைப்பான் என்று நம்பித்தான் போயிருந்தேன்.

"அம்மா, உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கலங்கள்தான், செல் எண்டு சொல்லுவம். காயம் பட்டா புதுக்கலங்கள் உண்டாகி ஆத்தும். நீண்டநாள் வருத்தத்தால இவருட கலங்கள் கிழடாப் போச்சு. நெஞ்சைத் திறந்தா காயம் ஆறாது, சிறுநீரகமும் தாங்காது."

"நாப்பத்திரண்டு வயசு, டொக்டர்!"

"அது பிறந்த கணக்கம்மா. உடம்பு எழுபதைத் தாண்டிட்டு."

"அப்ப செய்யாட்டி?"

"நெஞ்சு கனநாள் தாங்காதம்மா." எனக்கு விளங்கிவிட்டது. செய்தாலும் சாவு, செய்யாவிட்டாலும் சாவு. பாவம், அவர் மட்டும் என்ன செய்வார்? "என்ட கலத்தை எடுத்து இவனுக்குப் போடுங்க, எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்ல" என்று கெஞ்சினேன். அது ஏலாதாம்.

ஓட்டோவில் அல்பேட் என் தோளில் சாய்ந்தான். "கலம் பழசாப் போச்சாமக்கா. பழைய தோணி மாதிரி இனிக் கரையில ஏத்திர வேண்டியதுதான்."

"வாயை மூடடா" என்று ஏசினேன். பிறகு தாங்க முடியாமல் அவன் தலையைத் தடவிக்கொண்டே வந்தேன்.

ஓகஸ்ட் மாதம் அவன் போய்விட்டான். ஊருக்குப் புதிதாக வந்த ஃபாதர்தான் அடக்கப் பூசை வைத்தார். "நிறைவாழ்வு வாழ்ந்து முடித்த இந்த முதியவர்" என்று தொடங்கினார். நான் எழுந்துவிட்டேன்.

"நாப்பத்திரண்டு வயசு, ஃபாதர்!"

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஃபாதர் மன்னிப்புக் கேட்டு, "இந்த இளம் சகோதரன்" என்று திருத்திச் சொன்னார். என் தம்பிக்காக என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.